வெறும் எடை

சின்னது இருபத்துநான்கு அடி. சிவப்பு.
சண்டைக்கு நிற்கும் சேவல்போல மூக்கை நீட்டிக்கொண்டு.
பெரியது இருபத்தொன்பது. வெள்ளை என்றுதான் சொல்லவேண்டும்,
ஆற்றுச் சேறும் காக்கை எச்சமும் போக.
இரண்டின் பின்னாலும் இரண்டிரண்டு எஞ்சின்,
தார்ப்பாய் போர்த்தி, தலை குனிந்து.

சின்னது அறுபத்தெட்டாயிரம் வெள்ளி, பெரியது தொண்ணூற்றொன்று
என்றார் ஆ கியோங்.
"ரெண்டுமே நல்ல சாமான், தங்கச்சி.
உள்ள ஒரு சொட்டு தண்ணி போனதில்ல."

கோதண்டம் சிவப்பை மூன்று முறை சுற்றி வந்தார்.
கோயிலிலேயே ஒன்றோடு நிறுத்திக்கொள்பவர்.
ஹைலக்ஸ் இழுக்கும், வீட்டு கேட்டுக்குள் நுழையும்,
எண்ணெய்க் காசு கையைக் கடிக்காது
என்று அடுக்கினார்.
ஆசை காரணம் தேடும்போது
இப்படித்தான் கணக்குப் பேசும்.

என் கண் பெரியதன் மேல்.
முகத்துவாரம் தாண்டினால் நீரிணை.
மத்தியானத்துக்கு மேல் அங்கே அலை
குட்டையாய், நெருக்கமாய் வரும்.
சின்னது ஒவ்வொன்றிலும் விழுந்து எழும்.
பெரியது இரண்டை ஒரே எட்டில் தாண்டும்.
இதைச் சொன்னது என் முதுகு,
ஒரே நாற்காலியில் பதினெட்டு வருடம் உட்கார்ந்த முதுகு.

பதினெட்டு வருடமாய் ஆலை வாசலில் எடைமேடை எனக்கு.
செம்பனைக் குலையோடு உள்ளே வரும் லோரி ஓர் எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும் லோரி ஓர் எடை,
நடுவில் இருப்பதற்குத்தான் காசு.
குலைக்கு அடியில் மணல் வரும், நனைந்த கோணி வரும்,
ஒருமுறை ஓர் ஆள் படுத்துக்கொண்டு வந்தார்.
கோதண்டத்தின் லோரி இரண்டும் இதே வழிதான்.
ஒரு கிலோ கூட்டிப் போட்டதில்லை.
அந்தக் கோபம் அவருக்கு இன்னும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாது,
மேனேஜரிடம் கேட்டுவிட்டேன்,
இரண்டையும் கொண்டுவாருங்கள் என்றேன்.
ஆ கியோங் சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.

ஊத்தான் மெலிந்தாங் கடைத்தெரு
கையில் பிய்த்த ரொட்டி சானாயோடு எழுந்து நின்று பார்த்தது:
ஹைலக்ஸின் பின்னால் சிவப்பு,
அதன் பின்னால், குலை ஏற்றும் லோரியில் கட்டிய வெள்ளை.
பெரியதை வேறெதுவும் இழுக்காது.
"கடல் இங்கிட்டு வந்துடுச்சா?" என்றார் பெட்டிக்கடை அந்தோணியம்மாள்.

டாங்கி காலி. நங்கூரம் கீழே.
ஹைலக்ஸைக் கழற்றி ஓரம் கட்டினோம்.
காகிதத்தில் சின்னது, தள்ளுவண்டியோடு,
இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது.
மேடையில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.

இறக்கி, பூஜ்யம் பார்த்து, மறுபடி ஏற்றினேன்.
அதே தொள்ளாயிரத்து அறுபது.

சாவியால் அதன் தளத்தைத் தட்டிக்கொண்டே நடந்தேன்.
டங், டங், டங்,
ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்
தொப்.
அங்கிருந்து எஞ்சின் வரைக்கும் தொப்.
சிவப்புக்கு உள்ளே பலகை
எத்தனை மழையாய்க் குடித்ததோ,
நானூற்று நாற்பது கிலோ தண்ணீர்,
ஒரு சொட்டுகூடப் போகாத தண்ணீர்.

பெரியது காகிதத்தைவிட இருபதுதான் கூட.
அது சேறாக இருக்கும்.
ஆனால் அதன் இடது எஞ்சின் அறுநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் ஓடியிருந்தது,
வலது இருநூற்று நாற்பது.
"ஒண்ணு செத்து, வேற போட்டிருக்கான்" என்றார் கோதண்டம்.
மிச்சமிருந்த ஒன்று
கரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்றேன்.
இருவரும் ஒரே எஞ்சினைப் பார்த்துத்தான் சொன்னோம்.

எண்பத்து நான்கில் பேரம் படிந்தது.
கேட் தூண் ஒன்றை இடிக்கவேண்டும்.
அடுத்த வீட்டு ஜெயசீலன் வேலியில்
அரை அடி கடன் கேட்கவேண்டும்.
கோதண்டம் ஒன்றும் பேசாமல் போய்ச்
சிவப்பின் மூக்கைத் தடவிவிட்டு வந்தார்.
நான் ரசீதை மடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படகுகள் போன பிறகு
விளக்கை அணைக்குமுன் மேடையில் ஏறச் சொன்னேன்.
நானும் ஏறினேன்.
நூற்று நாற்பது என்றது.
இருபது முன்னே பின்னே இருக்கும்,
ஆட்களை நிறுக்கச் செய்ததல்ல இது.
"இதையும் கூட்டிக்க" என்றார்,
அன்று முதன்முறையாகச் சிரித்து.